பென்-ஸ்ட்ரெப்: உங்கள் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

இரவுப்பணி:
எட்டு மாதம் ஹெப்-ஜி2 என்ற, குடுவையில் வளர்க்கும் கல்லீரல் செல்களோடு குடும்பம் நடத்தினேன். ஊடகத்தில் (செல்கள் வளரும் சத்துநீர்) பென்-ஸ்ட்ரெப் என்ற ஆன்டிபயாடிக் கலவை எப்போதும் உண்டு: மில்லிலிட்டருக்குப் பெனிசிலின் 100 யூனிட், ஸ்ட்ரெப்டோமைசின் 100 மைக்ரோகிராம். எங்கள் ஆய்வகத்தில் அதை ஏன் சேர்க்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. சாம்பாருக்குப் பெருங்காயம் போல. பாக்டீரியா பெருகினால் ஊடகம் கலங்கும்; எங்களுடையது ஒருநாளும் கலங்கியதில்லை. செல்கள் மட்டும் மந்தம். முன்பெல்லாம் நான்கு நாளில் நிரம்பிய குடுவை ஒரு வாரமாகியும் அரைகுறையாகவே கிடந்தது. ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தைக் குறை சொல்லி வேறு தொகுதி வாங்கினோம். இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதத்தில் நிற்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். நின்றது.

வேறொரு சோதனைக்காக, டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் டாபி சாயம் ஏற்றிய அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. செல்லின் கரு மட்டுமே நீலமாக ஒளிர வேண்டும். கருவுக்கு வெளியே, கும்மிருட்டாக இருக்க வேண்டிய இடத்தில், கோலப்பொடி சிந்தியது போலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ஒவ்வொரு செல்லும் எங்கே முடிகிறது என்பதை அந்தப் புள்ளிகளை வைத்தே வரைந்துவிடலாம். மைக்கோபிளாஸ்மா: ஊடகத்தைக் கலக்காமலே செல்களோடு வளரும் மிகச்சிறு பாக்டீரியா. மறுநாள் அதன் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையும் அதையே சொன்னது.

பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துத்தான் அதைக் கொல்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. பாக்டீரியாவைப் பிடிக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். மருந்து இல்லாதிருந்தால் சாதாரண பாக்டீரியா வந்து முதல் மாதமே குடுவை கலங்கியிருக்கும். என் கைத்தவறு அன்றே தெரிந்திருக்கும். அத்தனை குடுவைகளையும் ஆட்டோகிளேவில் போட்டேன். எட்டு மாதத் தரவில் எவ்வளவு கல்லீரல், எவ்வளவு கிருமி என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

மஞ்சள் குடுவை:
எனக்குத் தொற்று இல்லை, மருந்தே வில்லன். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் நாங்கள் செருகிய மரபணு இயங்கும்படி ஒரு செல் வரிசை செய்திருந்தேன். மருந்து கொடுத்த குடுவைகளில் ஊடகம் சீக்கிரமே மஞ்சளாகிவிடும். அதிலுள்ள ஃபீனால் ரெட் நிறமி அமிலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. என் மரபணுதான் செல்லின் வளர்சிதை மாற்றத்தைத் திருப்பிவிட்டது என்று துள்ளினேன். கூட்டத்தில் எங்கள் மேடம் ஒரே கேள்வி கேட்டார்: "மரபணு செருகாத தாய் செல்லுக்கு டாக்சி கொடுத்தாயா?" கொடுக்கவில்லை. கொடுத்தேன். அதுவும் மஞ்சள்.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் (புரதம் கட்டும் இயந்திரம்), பாக்டீரியாவின் ரைபோசோமுக்கு உறவு. டாக்சி போன்ற டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் அந்த உறவையும் விட்டுவைப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியா முடங்கினால் செல் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கிப் பிழைக்கப் பார்க்கிறது. நான் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அதில் பத்தில் ஒரு பங்குதான். தாய் செல்லும் ஒவ்வொரு முறையும் கூடவே வரும்.

இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று:
சுருக்கமாக என் அவமானம். 293டி என்ற மனிதச் செல் வரிசையில், நான் செருகிய எதிர்ப்பு மரபணு ஏறாத செல்களை ஜி418 மருந்து கொன்றுவிடும், மிஞ்சுவதைத் தேர்வு செய்யலாம் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். ஒரு செல்கூடச் சாகவில்லை. அந்தச் செல் வரிசையை உருவாக்கியபோதே ஜி418-ஐயும் முறிக்கும் நியோமைசின் எதிர்ப்பு மரபணுவும் உள்ளே போய்விட்டது என்பது பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிந்திருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். இப்போது பியூரோமைசின் என்ற வேறு மருந்து.

பழைய கை:
எல்லோரும் மருந்தைத் திட்டுகிறீர்கள். நான் இறைச்சிக்கூடத்திலிருந்து ஆட்டுக்கண் வாங்கி வந்து கருவிழிச் செல் வளர்த்தவன். அந்தத் திசுவை ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்துக் காட்டுங்கள் பார்ப்போம். கழுவும் நீரில் தாராளமாக, முதல் சில நாள் ஊடகத்திலும் போடுவேன். பிறகு நிறுத்திவிடுவேன். பூஞ்சைக்கு ஆம்போடெரிசின் போடுகிறவர்கள் அளவைப் பார்த்துப் போடுங்கள். அது பூஞ்சையின் சவ்விலுள்ள எர்கோஸ்டிராலைப் பிடிப்பது போல, கொஞ்சம் மிஞ்சினால் நம் செல்லின் கொலஸ்டிராலையும் பிடித்துச் சவ்வைக் கெடுத்துவிடும். இரவுப்பணி தம்பிக்கு ஒன்று: லிப்பிடு (கொழுப்புப் பொருள்) வைத்து செல்லுக்குள் டிஎன்ஏ செலுத்தும் நாளிலாவது பென்-ஸ்ட்ரெப்பை எடுத்துவிடுங்கள். அன்று சவ்வு தளர்ந்திருக்கும், மருந்தும் சேர்ந்து உள்ளே போய்விடும்.

இரவுப்பணி:
நன்றி அண்ணா. உங்கள் பதிவுக்குப் பிறகு தேடிப் படித்தேன். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், என் ஹெப்-ஜி2 செல்களிலேயே, பென்-ஸ்ட்ரெப் சேர்த்ததும் 209 மரபணுக்களின் வெளிப்பாடு மாறியிருக்கிறது. மருந்துக்குச் செல் காட்டும் எதிர்வினையோடு தொடர்புடைய மரபணுக்களும் அதில் உண்டு. நான் ஆராய்வதே கல்லீரல் மருந்துகளை எப்படிக் கையாளுகிறது என்பதைத்தான்! மைக்கோபிளாஸ்மா வராமலே இருந்திருந்தாலும் நான் அளந்தது வேறு எதையோ.

திரவ நைட்ரஜனில் உறையவைத்திருந்த பழைய செல் குப்பி ஒன்றை எடுத்துப் பிசிஆர் செய்து, சுத்தம் என்று தெரிந்த பிறகு வளர்க்கிறேன். பாதிக் குடுவைகளில் மருந்து, பாதியில் இல்லை. மூன்றாவது வாரம். நேற்று மருந்தில்லாத குடுவை ஒன்று கலங்கிவிட்டது. திங்கட்கிழமை பிப்பெட் நுனி அந்தக் குடுவையின் வாயில் உரசியதும், பரவாயில்லை என்று நான் தொடர்ந்ததும் நன்றாக நினைவிருக்கிறது.