சோற்றுச் சட்டி பக்கம் போனால் உறுமுகிறான்: அடித்துத் திருத்துவதா?

நீடாமங்கலத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றுப் பாசனம். வீட்டில் ஒரு நாட்டு நாய் இருக்கிறது. ஆண், இரண்டு வயது. செவலை உடம்பு, கறுத்த மூஞ்சி, அதனால் பெயர் கருவாயன். பகலில் மாட்டுக் கொட்டகைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டியிருப்போம். ராத்திரி அவிழ்த்துவிட்டால் களத்துமேடு வரைக்கும் சுற்றி வருவான். நெல் காயப்போட்டிருக்கும் நாட்களில் அவன் இருக்கிற தைரியத்தில்தான் தூங்குகிறோம்.

போன வாரம் என் மகள் (ஏழு வயது) உருண்டு போன பந்தை எடுக்க அவனுடைய சட்டிப் பக்கம் போயிருக்கிறாள். தின்றுகொண்டிருந்தவன் அப்படியே நிறுத்திவிட்டு உறுமினான். கடிக்கவில்லை. ஆனால் திண்ணையில் இருந்த எனக்கே வயிற்றைக் கலக்கிவிட்டது. அதற்கப்புறம் கவனித்தால் என்னைப் பார்த்தும் உறுமுகிறான்.

மாமனார், "உறுமும்போதே பிரம்பால் வாயில் ஒன்று போடு, ஜென்மத்துக்கும் உறுமாது" என்கிறார். அம்மா பட்டினி போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டில், "பிள்ளை இருக்கிற வீடு, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடு" என்கிறார்கள். மூன்றுமே மனசுக்கு ஒப்பவில்லை.

இன்னொரு தலைவலி. அறுவடை முடிந்த பக்கத்து வயலில் வாத்துப் பட்டி இறங்கியிருக்கிறது. காலையில் அந்தச் சத்தம் கேட்டதும் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறான். என்ன செய்யலாம்?

களத்துமேட்டார்:

தம்பி, எங்கள் வீட்டில் நாய் இல்லாத காலமே கிடையாது. அந்த உரிமையில் சொல்கிறேன். அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான். நாய் ஓநாய் வம்சம். கூட்டத்துக்கு ஒரு தலைவன் வேண்டும். அந்த இடத்தை நீங்கள் பிடிக்காவிட்டால் அவன் பிடித்துக்கொள்வான். தின்னும்போதே சட்டியை இழுத்துப் பாருங்கள், சோற்றில் கையை விட்டுப் பிசையுங்கள். உறுமினால் மல்லாக்கப் புரட்டி அழுத்திப் பிடியுங்கள். உங்கள் மாமனார் சொல்வதில் தப்பே இல்லை.

குடமுருட்டிக்கரை:

தம்பி, முதலில் பிரம்பைப் பரண்மேல் போடுங்கள். மேலே எழுதிய ஐயா பெரியவர், ஆனால் குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வைத்தியம் ஆபத்து.

கருவாயன் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறான். "இதுக்கு மேல வராதே" என்பதைச் சொல்ல அவனிடம் இருக்கிற மரியாதையான வழி அதுதான். அடித்தால் உறுமுவதை விட்டுவிடுவான், மாமனார் சொன்னது அப்படியே நடக்கும். ஆனால் சோறு பறிபோய்விடும் என்ற பயம் உள்ளே இருந்தபடியே இருக்கும். கூடவே, இந்த ஆள் கிட்ட வந்தால் அடிப்பார் என்ற பயமும் சேரும். அடுத்த தடவை உங்கள் மகள் அந்தப் பக்கம் போகும்போது எச்சரிக்கை இல்லாமல் நேராக வாய் வைப்பான். "நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு" என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த நாய்களில் பலவற்றுக்கு யாரோ ஒருவர் உறுமக்கூடாது என்று பாடம் நடத்தியிருப்பார்கள்.

உண்மையில் உறுமுவதற்கு முன்பே அவன் நிறையச் சொல்லியிருப்பான். இன்று சாயங்காலம் சோற்றை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர் யாரையாவது கொஞ்சம் தூரத்தில் குறுக்கே நடக்கச் சொல்லுங்கள். முதலில் மெல்லுவது நிற்கும், இல்லாவிட்டால் அவசர அவசரமாக விழுங்குவான். தலை சட்டிக்குள் இன்னும் தாழும், முதுகு விறைக்கும். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டுவான், அப்போது கண்ணில் வெள்ளை பிறை மாதிரி தெரியும். அதற்கப்புறம்தான் உதடு தூக்குவதும் உறுமலும். வால் ஆடுகிறதே என்று நம்பவேண்டாம். விறைத்து நிமிர்ந்து நுனி மட்டும் துடித்தால் அது சந்தோஷ வால் இல்லை. இதையெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள், மாமனாருக்கும் சேர்த்து.

ஓநாய்த் தலைவன் கதைக்கு வருகிறேன். 1947இல் ரூடால்ஃப் ஷெங்கெல் என்பவர் அடைப்பில் வளர்ந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது அது. அமெரிக்காவின் டேவிட் மெக் 1970இல் வெளியான தன் புத்தகத்தில் அதைப் பரப்பினார். அப்புறம் அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கிட்டே இருந்து பார்த்துவிட்டு, 1999இல் கட்டுரை எழுதினார். கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம், அப்பா அம்மா பிள்ளைகள். சண்டை போட்டுத் தலைமையைப் பிடிக்கிற கதைக்கு அங்கே வேலை இல்லை என்று. இதைப் பரப்பியவரே வாபஸ் வாங்கியும் நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கருவாயனுக்கு உங்கள் வீட்டுத் தலைமைப் பதவி வேண்டாம் தம்பி, சட்டியில் கிடக்கிற கோழித் தலை போதும். அதைத்தான் காக்கிறான். நீங்கள் கையை விட்டுப் பிசைந்தால், "பார்த்தியா, பிடுங்கத்தான் வர்றாங்க" என்று அவன் நினைத்தது சரியாகிவிடும்.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பிராய்லர் கடையில் ஈரல் கேளுங்கள், சல்லிசாகக் கிடைக்கும். உப்பு காரம் போடாமல் அவித்து, விரல் நக அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அவனுடைய வழக்கமான சோற்றை வைத்துவிட்டு விலகிவிடுங்கள். எவ்வளவு தூரத்தில் நடந்தால் அவன் நிம்மதியாகத் தின்கிறானோ, பத்தடியோ பதினைந்தடியோ, அங்கிருந்து தொடங்குங்கள். போகிற போக்கில் ஒரு துண்டு ஈரலைச் சட்டி பக்கம் வீசிவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். பேச்சு வேண்டாம், தடவல் வேண்டாம், உற்றுப் பார்க்கவும் வேண்டாம். சில நாட்களில் உங்கள் காலடிச் சத்தத்துக்கே தலையைத் தூக்கி, உடம்பு தளர்ந்து, "எங்கே?" என்று பார்ப்பான். அந்தப் பார்வை வந்தபிறகுதான் ஓரடி கிட்டே போகவேண்டும். விறைத்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம், பின்னால் போய்விடுங்கள். சோற்றுக்கு முன்னால் கேட்கிற சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பாவ்லோவ் சங்கதிதான் இது. அவர் 1904இல் நோபல் வாங்கியது செரிமான ஆராய்ச்சிக்கு, நாய் வளர்க்கிற நமக்குக் கிடைத்தது கொசுறு.

இந்த வேலையைப் பெரியவர்கள் மட்டும் செய்யவேண்டும். மகள் இதற்குள் வரவே கூடாது, நன்றாகத் தேறிவிட்டான் என்று தோன்றினாலும். சட்டியைக் கொட்டகையின் உள்பக்கம், படலைச் சாத்தக்கூடிய மூலையில் வையுங்கள். தின்று முடித்து அவனாக நகர்ந்தபிறகு எடுங்கள். பட்டினி போடுவது எரிகிற கொள்ளிக்கு எண்ணெய். ஒருவேளைச் சோற்றை இரண்டு வேளையாகப் பிரித்து, நேரம் தவறாமல் போடுங்கள்.

கடைசியாக அந்தச் சங்கிலி. கட்டிக்கிடக்கிற நாய்க்குப் பிடிக்காத ஒன்று கிட்டே வந்தால் விலகிப் போக வழி கிடையாது. அதனால் எதற்கெடுத்தாலும் முன்னால் பாயப் பழகிவிடும். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவிலேயே, வழக்கமாகக் கட்டி வைக்கிற நாயை நடமாட விடாமல் வைத்திருப்பது குற்றம் என்று இருக்கிறது. கொல்லையை அடைத்துக் கொஞ்ச இடம் அவனுக்கு ஒதுக்க முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் விடிகாலையில் வரப்பு வழியே கயிற்றில் ஒரு நடை. இழுத்துக்கொண்டு ஓடவேண்டாம், மோந்து பார்க்கவிடுங்கள். ராத்திரி எந்த நரி, எந்தக் கீரி அந்த வழியாகப் போனது என்பதெல்லாம் அவனுக்கு அங்கேதான் தெரியும்.

நீடாமங்கலத்தான்:

அக்கா, ரொம்ப நன்றி. படித்த அன்றைக்கே சட்டியை மாற்றிவிட்டேன், ஈரலும் வாங்கியாச்சு. இப்போது நான் கொட்டகை வாசல் வரைக்கும் போனால் வாலை ஆட்டுகிறான், தளர்ந்த வால்தான், நன்றாகப் பார்த்தேன். அதற்குக் கிட்டே போனால் மெல்லுவதை நிறுத்துகிறான். அம்மாதான் முணுமுணுக்கிறார். "உறுமினதுக்குக் கறிச்சோறா? நாளைக்கு ஈரலுக்காகவே உறுமப்போறான்" என்று. அதற்கு என்ன சொல்வது? வாத்து விஷயமும் அப்படியே நிற்கிறது.

குடமுருட்டிக்கரை:

அம்மாவின் கேள்வி நியாயம்தான். ஆனால் நீங்கள் நிற்கிற தூரத்தில் அவன் உறுமவே இல்லையே. நீங்கள் வந்தீர்கள், ஈரல் வந்தது, அவ்வளவுதான் அவன் கணக்கு. பிடுங்க வருகிற ஆள் என்று நினைத்திருந்தவர் இப்போது போட வருகிற ஆள். பயம் போனால் உறுமுவதற்குக் காரணமும் போய்விடும். வாசலிலேயே இன்னும் சில நாள் இருங்கள், அவசரம் வேண்டாம்.

பட்டிக்காரர் மகன்:

வாத்து மேய்ப்பதுதான் எங்கள் வீட்டுத் தொழில், அதனால் இந்த இடத்தில் நான் பேசலாம். சம்பா அறுத்த வயலில் உதிர்ந்த நெல்லும் நத்தையும் இருக்கிற வரைக்கும் பட்டி போடுவோம். உளுந்து தெளித்த வயலில் இறக்கவிடமாட்டார்கள், அதனால் ஒரே இடத்தில் ரொம்ப நாள் தங்க முடியாது. உங்களுக்குத் தொல்லை கொஞ்ச நாள்தான் அண்ணா. ஆனால் அந்தக் கொஞ்ச நாளில் தயவுசெய்து ஒரு தடவைகூட அவிழ்த்து விடாதீர்கள், ராத்திரியிலும். நாய் கடித்துச் சாவது ஒன்றிரண்டு என்றால், பயந்து வலை ஓரமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாவது அதைவிட அதிகம். மிச்சம் இருப்பதும் பயத்தில் முட்டையைக் குறைத்துவிடும். அப்பா விடிய விடிய டார்ச்சோடு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் பட்டி நாய் வாத்தைத் தொடாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண் திறந்து தத்தித் தத்தி நடக்கும்போதே வாத்துக்கு நடுவில்தான் கிடந்தது. பெரிய வாத்து கொத்தினால் கத்திக்கொண்டு ஓடிவரும். இப்போது குஞ்சுகள் அதன்மேல் ஏறிப் படுக்கும்.

குடமுருட்டிக்கரை:

பட்டிக்காரர் மகன் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினாலாவது வாரம் வரைக்கும் பார்ப்பது, கேட்பது எல்லாம் "இது நம்ம உலகம்" என்று மனசில் பதியும். கருவாயனுக்கு அந்த வயது எப்போதோ போய்விட்டது. வாத்தோடு சிநேகமாக்குகிறேன் என்று இறங்காதீர்கள். துரத்துவது அவனுக்கு ஈரலைவிட ருசி, ஒவ்வொரு துரத்தலும் அந்த ருசியைக் கூட்டும். அதனால் கயிறுதான். கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்போடு போடுகிற பட்டை வாங்குங்கள், அதில் நீளமான கயிறு. வாத்துச் சத்தம் லேசாகக் கேட்கிற தூரத்தில் நடத்துங்கள். காதை நிமிர்த்தி அந்தப் பக்கம் பார்ப்பான், பார்க்கட்டும். பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிற அந்த நொடியில் ஈரல். நொடி தவறினால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அவனுக்குப் புரியாது. திரும்பவே இல்லை என்றால் வாத்துக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள்.

மருந்தகத்துக்காரன்:

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்ப்பவன், இரண்டு வார்த்தை. சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறும ஆரம்பித்தால் வலி இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பல் உடைந்திருக்கலாம், ஈறு வீங்கியிருக்கலாம், காதுக்குள் உண்ணி ஏறியிருக்கலாம். வலியோடு தின்கிற நாய் யாரையும் கிட்டே சேர்க்காது. பக்கத்து மருந்தகத்தில் காட்டுங்கள், கூடுதலாகப் பார்க்கவேண்டியிருந்தால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருஷா வருஷம் போடுகிறீர்களா? இல்லையென்றால் அதுதான் முதல் வேலை.

அப்புறம் ஒன்று. யாருக்காவது பல் பட்டுவிட்டால், கீறல்தானே என்று விடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள், ஊசி இலவசம். அட்டையில் குறித்துத் தருகிற நாட்களில் ஒன்றையும் விடக்கூடாது.

நீடாமங்கலத்தான்:

ஊசி போன வருஷம் போட்டது, நாள் தாண்டிவிட்டது. திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன், வாயையும் பார்க்கச் சொல்கிறேன். ராத்திரி அவிழ்த்து விடுவதையும் பட்டி கிளம்புகிற வரைக்கும் நிறுத்திவிட்டேன்.

களத்துமேட்டார்:

எல்லாம் சரி. நான் அடித்து வளர்த்த நாய்களும் வீட்டைக் காத்தன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது கிடக்கட்டும். அந்த ஈரல் ஆயுசுக்கும் போட்டுக்கொண்டே இருக்கவேண்டுமா? என் வீட்டில் இப்போது இருக்கிற பெட்டையும் எலும்பு போட்டால் யாரையும் கிட்டே விடமாட்டேன் என்கிறது. பேரன் லீவுக்கு வருகிறான், அதனால் கேட்கிறேன்.

குடமுருட்டிக்கரை:

வேண்டாம் ஐயா. நன்றாகப் பழகியபிறகு சில நாள் போடுங்கள், சில நாள் சும்மா நடந்துபோங்கள். எப்போது வரும் என்று தெரியாமல் இருந்தால் பழக்கம் இன்னும் கெட்டிப்படும். ஆனால் பேரன் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம். அவன் இருக்கிற நாட்களில் எலும்பே போடாதீர்கள், சோற்றையும் படலுக்கு உள்ளே வையுங்கள். எலும்பு வாயில் இருக்கும்போது பிடுங்கப் போகாமல், தள்ளி ஈரலைத் தூவினால் அதுவாகப் போட்டுவிட்டு வரும். வேகவைத்த கோழி எலும்பு எப்போதுமே வேண்டாம், கூராக உடைந்து குடலில் குத்தும்.