பழைய போஞ்சி விதை: இரட்டிப்பாக விதைத்தால் போதுமா?

மலைச்சாரல் (வெலிமடை)
அம்மாச்சி தகர டின்னில் வைத்துவிட்டுப் போன கொடிப் போஞ்சி விதை, 6 வருடம் பழையது. 50 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன், 21தான் முளைத்தது. இந்தப் போஞ்சி எங்கள் லயத்தில் வேறு யாரிடமும் இல்லை. குழிக்கு இரட்டிப்பாகப் போட்டால் சரிவருமா?

கரட்தோட்டம் (நுவரெலியா)
தாராளமாகப் போடுங்கள் தம்பி. செத்த விதை மண்ணோடு போகும், முளைத்தது காய்க்கும். 1879இல் பேராசிரியர் பீல் மிச்சிகனில் போத்தலில் புதைத்த விதைகளில் சில 2021இலும் முளைத்தன. 6 வருடமெல்லாம் ஒரு வயதா?

விதைக்காரி (பண்டாரவளை)
அண்ணே, அவை களை விதைகள். போஞ்சிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. விதை கிழடாகும்போது உயிரணுச் சவ்வு கெடுகிறது, டிஎன்ஏ இழைகள் அறுகின்றன. காய்ந்த விதைக்குள் போதிய தண்ணீர் இல்லாததால் பழுதுபார்க்கவும் வழியில்லை. சேதம் சேர்ந்துகொண்டே போகும். ஊறிய பிறகுதான் திருத்தம் தொடங்கும். திருத்த முடியாதது சாகும், அரைகுறையாகத் திருந்தியது முளைக்கும். முளைப்புத்திறன் குறையக் குறைய, முளைத்த நாற்றுகளின் வேர்நுனியில் உடைந்த நிறமூர்த்தங்கள் (டிஎன்ஏவைத் தாங்கும் இழைகள்) கூடுவதை அப்தல்லா, ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1968இலேயே பார்லி, பட்டாணி, அகன்ற அவரை ஆகியவற்றில் காட்டிவிட்டார்கள்.

கரட்தோட்டம்
உடைந்த உயிரணுக்கள் செடி வளரும்போது பின்தங்கி மறைந்துவிடும் தங்கச்சி. நான் பழைய விதை போட்டு எடுத்த செடிகள் நன்றாகத்தான் இருந்தன.

விதைக்காரி
பெரிய உடைப்பு மறையும், ஒத்துக்கொள்கிறேன். சின்ன மாற்றங்கள் ஒடுங்கிக் கிடக்கும். போஞ்சி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, அதனால் அடுத்த தலைமுறையில் வெளிறிய நாற்றாக எட்டிப்பார்க்கும். நீங்கள் முதல் அறுவடையோடு பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள்.
எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மலைச்சாரல், டின்னில் எல்லா விதையும் ஒரே நிறமா?

மலைச்சாரல்
இல்லை அக்கா. பாதி மண்ணிறம், பாதி கோடு போட்டது. எண்ணிப் பார்த்தேன்: முளைத்த 21இல் கோடு போட்டது 2தான்.

விதைக்காரி
பார்த்தீர்களா அண்ணே! இப்படியே விதைத்தால் இரண்டு போகத்தில் அம்மாச்சியின் கலவை வெறும் மண்ணிறப் போஞ்சியாகிவிடும். பயிர் விதைகளைச் சேமிக்கும் மரபணு வங்கிகள், முளைப்புத்திறன் தொடக்க அளவில் 85 வீதத்துக்குக் கீழே இறங்கும் முன்பே விதைத்துப் புது விதை எடுப்பது இதனால்தான். இங்கே அது 42.

கரட்தோட்டம்
அது எனக்குத் தோன்றவில்லை, உண்மை. ஆனால் வங்கிக் குளிரறை லயத்து வீட்டில் ஏது? வருடா வருடம் விதைத்து எடுப்பதுதான் நம் பாதுகாப்பு. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டே நம் ஆட்கள் விதையைக் காத்தார்கள்.

விதைக்காரி
காயவைப்பது சரி, சூடு தவறு. ஈரப்பதன் 1 வீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். வெப்பம் 5 பாகை குறைந்தாலும் அப்படித்தான். நம் ஊர்க் குளிர் உதவும், பனிமூட்ட ஈரம்தான் எமன். நிழலில் நன்றாக உலர்த்தி, இறுக மூடிய போத்தலில் வையுங்கள்.

மலைச்சாரல்
கோடு போட்டது டின்னில் இன்னும் 64 இருக்கிறது. எல்லாவற்றையும் தனித்தனி நாற்றுப் பையில் போடுகிறேன்.

கரட்தோட்டம்
ஒரு பிடி இங்கேயும் அனுப்பு தம்பி. உன் பாத்தியில் அழுகினாலும் என்னிடம் மிஞ்சும். வெளிறிய நாற்று வந்தால் தங்கச்சிக்குப் படம் எடுத்துப் போடுகிறேன்.