தேய்கடன்: வீட்டு மராமத்துப் பணத்துக்கு ஒரு சொல்

முதல் மடல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன், கதை கொஞ்சம் நீளம்.

நான் அமெரிக்காவில் ஒரு நகர நிர்வாகத்தின் வீட்டுவசதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கூட்டரசு ஆண்டுதோறும் நகரங்களுக்குக் கொடுக்கும் சி.டி.பி.ஜி. (கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிளாக் கிராண்ட்) என்ற பணத்தில் ஒரு பங்கை, வருமானம் குறைந்தவர்கள் குடியிருக்கும் சொந்த வீடுகளைப் பழுதுபார்க்கச் செலவிடுகிறோம். ஒழுகும் கூரை, பனிக்காலத்தில் நின்றுபோகும் ஹீட்டர், பழைய மின்கம்பிகள், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். பணம் வீட்டுக்காரர் கைக்கு வராது. வேலை முடிந்ததைப் பார்வையிட்டு ஒப்பந்தக்காரருக்கு நாங்களே கொடுத்துவிடுவோம்.

எங்கள் ஊரில் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் எழுதியது நான்தான். 'வீடு பழுதுபார்ப்பு மானியம்' என்று தலைப்புக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா வந்தார். எழுபது வயது தாண்டியவர், கணவர் இல்லை. கூரைக்கும் ஹீட்டருக்குமாக 18,000 டாலர் வேலை நடந்தது. நான்கு ஆண்டு கழித்து மகளோடு போய் இருக்கலாம் என்று வீட்டை விற்கப் போனார். வீட்டின் பேரில் நகரத்துக்கு 10,800 டாலர் பாக்கி நின்றது. என்னிடம் வந்து, "மானியம்னுதானே எழுதியிருந்தே கண்ணு?" என்று கேட்டார்.

அவர் கையெழுத்திட்ட ஆங்கிலப் பத்திரத்தில் எல்லா நிபந்தனையும் இருந்தது. ஆனால் அவர் படித்தது என் தமிழைத்தான். அதில் நான் போட்ட ஒரு சொல் நிபந்தனையை மறைத்துவிட்டது.

விஷயம் இதுதான். இந்தப் பணம் கடனாகப் பதிவாகிறது. வட்டி கிடையாது, மாதத் தவணை கிடையாது. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்தால் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு தானே கழியும். பத்தாம் ஆண்டு முடிந்தால் ஒரு பைசா பாக்கி இருக்காது. நடுவில் விற்றாலோ வாடகைக்கு விட்டுவிட்டுப் போனாலோ மீதியைக் கட்ட வேண்டும். அந்த அம்மாவுக்கு 18,000-இல் ஆண்டுக்கு 1,800 கழிந்து 10,800 நின்றது. இது எங்கள் ஊர் ஏற்பாடு. ஊருக்கு ஊர் மாறும். டெட்ராய்ட் நகரம் 2015-இல் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, அதில் மாதாமாதம் கட்ட வேண்டும். பிலடெல்பியாவில் கூரை, மின்சாரம், குழாய், வெப்பமூட்டி போன்ற அடிப்படைப் பழுதுகளை இலவசமாகவே செய்து தரும் திட்டம் உண்டு.

எங்கள் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் 'ஃபர்கிவபிள் டிஃபர்டு லோன்' என்கிறார்கள். தமிழில் என்ன சொல்லலாம்? கூடவே 'பிளாக் கிராண்ட்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். புதிய துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்.

பதில்: திருநெல்வேலியிலிருந்து, பதிவுத்துறையில் ஓய்வு பெற்றவர்

அன்புள்ள அம்மா,

மடல் கண்டேன். முப்பது ஆண்டு பத்திரங்களோடு பழகியவன் என்பதால் எழுதுகிறேன்.

'ஃபர்கிவ்' என்றால் மன்னி என்று அகராதியைப் பார்த்து 'மன்னிப்புக் கடன்' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. நம் வழக்கில் குற்றத்தைத்தான் மன்னிப்போம். கடன் வாங்கியது குற்றம் ஆகாது. கடனைத் தள்ளுவோம், கழிப்போம், விட்டுக்கொடுப்போம்.

'தள்ளுபடிக் கடன்' என்பதும் ஆகாது. தமிழ்நாட்டுக்காரர் காதில் தள்ளுபடி என்றால் 2006-லும் 2021-லும் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு நடந்ததுதான். அரசு ஒருநாள் அறிவிக்கும், மொத்தமும் போகும். அதைக் கேட்டுப் பழகியவர் 'எப்படியும் தள்ளிவிடுவார்கள்' என்று நினைத்து மூன்றாம் ஆண்டே வீட்டை விற்றுவிடுவார். உங்கள் கடன் அறிவிப்பால் போவதில்லை. ஆண்டுக் கணக்கில் போகிறது.

அடுத்தது, இன்னும் ஆபத்தானது: 'ஒத்திவைப்புக் கடன்'. தவணையை ஒத்திவைப்பதால் அப்படி எழுதத் தோன்றும். எங்கள் பக்கம் ஒத்தி என்றால் வேறு. வீட்டை ஒத்திக்கு விடுவது என்றால் பணம் கொடுத்தவன் வந்து குடியிருப்பான், பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை வீடு அவன் அனுபவத்தில் இருக்கும். ஒத்திக் கடன் என்று காதில் விழுந்தால் கிழவி வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்களோ என்று பயந்துவிடுவாள்.

வீட்டின் பேரில் பாக்கி நிற்பதற்கு ஆங்கிலத்தில் 'லீன்' என்பார்கள். 'பற்றுரிமை' என்று சட்டத் தமிழில் எழுதுவது உண்டு. துண்டறிக்கையில் அதைப் போடாதீர்கள். 'வில்லங்கம்' என்று எழுதுங்கள். வில்லங்கச் சான்று வாங்காமல் தமிழ்நாட்டில் யாரும் மனை வாங்குவதில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தச் சொல் தெரியும்.

கடனுக்கு என் யோசனை 'படிக்கழிவுக் கடன்'. எனக்கே முழுத் திருப்தி இல்லை.

'பிளாக் கிராண்ட்' பற்றி: இதை 'வட்டார மானியம்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். தவறு. நம் ஊர் வட்டார வளர்ச்சி அலுவலரின் வட்டாரம் வேறு, இந்த பிளாக் வேறு. இங்கே அது இடத்தைக் குறிக்கவில்லை, மொத்தமாகத் திரண்ட தொகையைக் குறிக்கிறது. 'தொகுதி நல்கை' என்றாலும் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி என்றாகிவிடும்.

பதில்: டொராண்டோவிலிருந்து

அக்காவுக்கு வணக்கம்.

ஐயா ஒத்தி பற்றிச் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் 'ஒற்றி' என்று எழுதுவோம், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே இருக்கிறது. கடன் கொடுத்தவர் காணியை ஆண்டு, வட்டிக்குப் பதிலாக விளைச்சலை எடுப்பார். ஆகவே அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

'பழுதுபார்ப்பு' எங்கட ஆக்களுக்கு வாகனத்தைத்தான் நினைவூட்டும். நாங்கள் வீட்டுத் திருத்தவேலை என்போம். உங்கள் ஊரில் ஈழத்தவரும் இருந்தால் இரண்டையும் போடுங்கோ. 'வில்லங்கம்' எங்களுக்கு விளங்கும், ஆனால் பேச்சில் அது 'தொந்தரவு' என்ற பொருளிலும் வரும். பக்கத்தில் 'காணி உறுதியில் பதியப்படும் பொறுப்பு' என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. காணி உறுதி என்றால் எங்களுக்கு நிலப் பத்திரம்.

கடனுக்கு 'கரைகடன்' எப்படி? உப்புக் கரைவது போலக் கரைகிறது.

ஒரு கேள்வியும் உண்டு. ஏழைகளுக்குத்தானே இந்தப் பணம்? வில்லங்கம் எதுவும் வைக்காமல் சும்மா கொடுத்தால் என்ன?

பதில்: தொடங்கியவர்

ஐயாவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. ஒத்தியின் பொருள் எனக்குத் தெரியும், ஆனாலும் என் கைப்பிரதியில் 'ஒத்திவைப்புக் கடன்' என்றுதான் இருந்தது. அடித்துவிட்டேன்.

தம்பியின் கேள்வி நியாயமானது. சும்மாவே செய்து தரும் நகரமும் உண்டு என்று முதலிலேயே சொன்னேன். எங்கள் ஊரில் கடனாக வைத்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். பொதுப்பணத்தில் கூரை போட்டு மறு ஆண்டே நல்ல விலைக்கு வீட்டை விற்றுவிடக் கூடாது என்பது ஒன்று. திரும்பி வரும் பணம் நகரத்தின் பொதுக்கணக்கில் கலக்காது என்பது மற்றொன்று. அது மறுபடியும் சி.டி.பி.ஜி. சட்டம் அனுமதிக்கும் வேலைகளுக்கே போக வேண்டும். அந்த அம்மா கட்டிய 10,800 வேறொருவர் கூரைக்குப் போயிருக்கும். நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 330 கோடி டாலர்தான் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்குகிறார்கள். அதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரங்களும் கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) மாநிலங்களும் பங்கிடுகின்றன. எங்கள் காத்திருப்புப் பட்டியலைப் பார்த்தவருக்கு அந்தக் காரணம் புரியும். கடன் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கவலை.

அவசரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது ஒரு கணக்குப் பார்ப்பார்கள். செலவாகாமல் நிற்கும் பணம் ஓர் ஆண்டு ஒதுக்கீட்டின் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டினால் அடுத்த ஆண்டுப் பணத்தில் கை வைக்கப்படலாம். அந்த மாதங்களில் அலுவலகத்தில் எல்லோரும் ஓடுவோம். கையெழுத்து வாங்கும் வேகத்தில் பத்திரத்தை வரிவரியாக விளக்க நேரம் இருக்காது. அப்போது வீட்டுக்காரரிடம் இருப்பது துண்டறிக்கையின் தலைப்புச் சொல் மட்டும்தான். அதனால்தான் அந்தச் சொல்லே விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

'படிக்கழிவு' சரியான பொருள். ஆனால் கழிவு என்றதும் கழிவுநீர் வருகிறது. 'கரைகடன்' அழகு. அலுவலகத்தில் ஒரு தோழியிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன், "கரை கடந்தா?" என்று கேட்டாள். வாயில் தெளிவாக நிற்காத சொல் தொலைபேசியில் விளக்கும்போது கைவிட்டுவிடும்.

கரைகடனைச் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றியது: 'தேய்கடன்'. தேய்பிறை போல. நிலா ஒரே நாளில் மறைவதில்லை. நாள் கணக்கு வைத்துத் தேய்கிறது, அமாவாசையன்று ஒன்றும் இல்லை. நடுவில் நிமிர்ந்து பார்த்தால் மீதி எவ்வளவு என்று தெரியும். இந்தக் கடனின் நடப்பும் அப்படியேதான். 'கடன்' என்ற சொல்லும் மறையாமல் நிற்கிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

இன்னும் இரண்டு சொற்கள் என்னை உறுத்துகின்றன. இந்த உதவி 'லோ அண்ட் மாடரேட் இன்கம்' குடும்பங்களுக்கு. 'குறைந்த, நடுத்தர வருமானம்' என்று எழுதினால் மாதச் சம்பளம் வாங்கும் நடுத்தர வர்க்கம் முழுவதும் தங்களுக்கு என்று எண்ணும். உண்மையில் வரம்பு, அந்த வட்டாரக் குடும்பங்களின் இடைநிலை வருமானத்தில் 80 விழுக்காடு. அதனால் 'மித வருமானம்' என்று எழுதுகிறேன். இடைநிலை என்றால் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் வருமானம். அந்த இடத்தில் சராசரி என்று போடக் கூடாது, கணக்கே மாறிவிடும்.

மற்றது ஈயம். 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் சுவர்ப் பெயின்ட்டில் 'லெட்' இருக்கலாம். பழுதுச் செலவு 5,000 டாலருக்கு மேல் போனால் அதைச் சோதித்துக் கட்டுப்படுத்த வேண்டும், 25,000-ஐத் தாண்டினால் அந்த ஆபத்தை நிரந்தரமாக நீக்க வேண்டும். என் பழைய அறிக்கையில் 'ஈயப் பூச்சு இருந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து' என்று எழுதியிருந்தேன். ஒரு பாட்டி, "ஈயம் பூசின பாத்திரத்துலதானே நாங்க ஆயுசு பூரா சமைச்சோம்" என்றார். அவர் சொன்னது வெள்ளீயம். பித்தளைக்குப் பூசுவதும் ரசத்துக்கு ஈயச் சொம்பு செய்வதும் அதில்தான். பிள்ளைகளின் மூளையைக் கெடுப்பது காரீயம். இரண்டையும் ஈயம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இனி எல்லா இடத்திலும் 'காரீயம் கலந்த பெயின்ட்' என்றே எழுதுவேன். இதில் மட்டும் யாருடைய மறுப்பையும் ஏற்க மாட்டேன், மன்னிக்கவும்.

பதில்: திருநெல்வேலியிலிருந்து

அம்மா, 'தேய்கடன்' நல்ல வினைத்தொகை. தேய்ந்த, தேய்கின்ற, தேயும் என்று மூன்று காலமும் அதில் இருக்கிறது. இலக்கணக் குறை இல்லை. ஒரே தயக்கம்: தேய்பிறையில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று நினைப்பவர் உண்டு. என் மனைவியிடம் கேட்டேன். "தேய வேண்டியது கடன்தானே, வளர்கடன் என்றால்தான் பயம்" என்றாள். ஆகவே என் தயக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

பிளாக் கிராண்டுக்கு 'தொகுப்பு நல்கை' என்று முதலில் எண்ணினேன். தொகுப்பூதியம் நமக்குப் பழகிய சொல். ஆனால் பேச்சு வீட்டைப் பற்றியது. தமிழ்நாட்டில் தொகுப்பு வீடு என்றால் அரசு கட்டிக் கொடுத்த வீடு. 'தொகுப்பு நல்கையில் வீடு பழுதுபார்ப்பு' என்று படிப்பவர் தொகுப்பு வீட்டுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்வார். அந்த பிளாக் கிராண்ட் சட்டம் எப்படி வந்தது என்று சொல்ல முடியுமா? வரலாற்றில் சொல் கிடைக்கலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தாத்தா பெயரிலேயே பத்திரம் இருந்து, பேத்தி குடியிருந்தால் வில்லங்கத்தை யார் பேரில் பதிவீர்கள்?

பதில்: தொடங்கியவர்

ஐயா, கடைசிக் கேள்வி எங்கள் நெஞ்சில் கிடக்கும் முள். பெரும்பாலும் பதிய முடியாது, அதனால் உதவியும் நின்றுவிடும். 2021 ஆய்வு ஒன்றின்படி பிலடெல்பியாவில் மட்டும் இப்படிப் பெயர் மாறாத வீடுகள் 10,000-க்கும் மேல். இறந்தவர் பெயரில் பத்திரம், உள்ளே குடியிருப்பது பிள்ளையோ பேரனோ. கூரை ஒழுகும், வரியும் கட்டுவார்கள், விண்ணப்பம் மட்டும் பல நேரம் செல்லாது. அதற்கு ஆங்கிலத்தில் 'டாங்கிள்டு டைட்டில்' என்று பெயர். 'பெயர் மாற்றாத பத்திரம்' என்று நேராகச் சொன்னாலே நம்மவருக்குப் புரியும், புதுச்சொல் வேண்டாம். இதைச் சரிசெய்ய வக்கீல் உதவி எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று துண்டறிக்கையின் பின்பக்கத்தில் போடுகிறேன்.

சட்டத்தின் வரலாறு: 1974 ஆகஸ்ட் 22-இல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டார். அதற்கு முன் நகர்ப் புதுப்பிப்பு, மாதிரி நகரங்கள், குடிநீர், கழிவுநீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிதி, தனித்தனி விண்ணப்பம். அவற்றையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து, மக்கள்தொகை, வறுமை, வீடுகளில் நெரிசல் போன்றவற்றை வைத்த வாய்பாட்டின்படி பிரித்து, 'உங்கள் ஊருக்கு எது தேவையோ அதற்குச் செலவிடுங்கள்' என்று கொடுத்தார்கள். வரம்புகள் உண்டு. குறைந்தது 70 விழுக்காடு குறை, மித வருமானத்தாருக்குப் பயன்பட வேண்டும், திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்கும் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது.

பதில்: திருநெல்வேலியிலிருந்து

தொகுத்தார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 'தொகுநல்கை'. தொகுநிதி என்பது போல. 'பு' போனதால் தொகுப்பு வீடும் ஒட்டாது.

பதில்: டொராண்டோவிலிருந்து

இரண்டுக்கும் என் சம்மதம். அபிவிருத்தி என்று நாங்கள் சொல்வதை நீங்கள் வளர்ச்சி என்பீர்கள், அதிலே சண்டை பிடிக்கவில்லை.

பதில்: தொடங்கியவர்

சொற்பட்டியலில் 'சமுதாய வளர்ச்சித் தொகுநல்கை' என்று சேர்த்துவிட்டேன். துண்டறிக்கையில் அது வராது, அந்த அம்மாவுக்கு அது தேவையில்லை. தலைப்பும் முதல் பத்தியும் இப்படி:

"வீட்டு மராமத்துக்குத் தேய்கடன். வீட்டைப் பழுதுபார்க்க, திருத்தவேலை செய்ய நகரம் தரும் பணம் இது. இது கடன். வட்டி இல்லை, மாதத் தவணை இல்லை. நீங்கள் இதே வீட்டில் குடியிருக்கும் ஒவ்வோர் ஆண்டும் பத்தில் ஒரு பங்கு தேயும். பத்து ஆண்டு முடிந்தால் பாக்கி இல்லை. அதுவரை வீட்டின் மேல் வில்லங்கம் இருக்கும். உங்கள் காணி உறுதியில் இந்தப் பொறுப்பு பதியப்படும். நடுவில் வீட்டை விற்றால் அல்லது வாடகைக்கு விட்டுவிட்டுப் போனால் மீதியைக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும் முன் இந்த ஆண்டு விற்றால் எவ்வளவு, ஐந்தாம் ஆண்டு விற்றால் எவ்வளவு என்று எங்களைக் கேளுங்கள்."

அடியில் தொடக்கத்துக்கு ஒன்றும் பத்து ஆண்டுக்குப் பத்துமாகப் பதினொரு வட்டங்கள் வரையச் சொல்லியிருக்கிறேன், முழுநிலாவிலிருந்து அமாவாசை வரை, ஒவ்வொன்றின் கீழும் மீதித் தொகை. பிழை இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.