பழைய பீங்கான் ஃபியூஸ் போர்டை எம்சிபி பெட்டியாக மாற்றும்போது: வேலூர்ப் பக்கத்து நாலு ஊர் எலக்ட்ரீஷியன்களின் அனுபவங்கள்

காட்பாடி:
இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மரப்பலகை, இரும்பு மெயின் சுவிட்ச், நாலு பீங்கான் ஃபியூஸ் கட்டை என்றுதான் இருக்கும். 5 ஆம்பியர் கட்டைக்கு 35 கேஜ், 15 ஆம்பியருக்கு 25 கேஜ் ஈயம் பூசிய செம்புக் கம்பி போட வேண்டும். கட்டையைப் பிடுங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒயரின் இழை நாலைந்தை முறுக்கிச் செருகியிருப்பார்கள். அப்படி இருந்தால், சுவருக்குள் போகிற ஒயர் பல வருடமாகச் சூடேறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலுறையை நகத்தால் கிள்ளுங்கள். பொடியாக உதிர்ந்தால் பெட்டியோடு ஒயரையும் மாற்ற வேண்டும்.

எம்சிபி என்பது ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக, கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்; அப்படி அணைவதைத்தான் 'விழுவது' என்கிறோம். அதன் அளவை முடிவு செய்வது ஒயர்தான், மாட்டப்போகும் சாமான் அல்ல. செம்பில் ஒன்றரை ஸ்கொயர் எம்எம்முக்கு 10 ஆம்பியர், இரண்டரைக்கு 16, நாலுக்கு 20. பழைய அலுமினியம் இரண்டரை என்றால் 10-க்கு மேல் வேண்டாம். 16 விழுகிறது என்று 32 போட்டுவிட்டால் எம்சிபி விழாது, ஒயர்தான் வேகும்.

இன்னொன்று. மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து அதற்கு வரும் ஒயரில் கரண்ட் இருக்கும். மின்வாரிய சீலை நீங்களே உடைக்காதீர்கள். பிரிவு அலுவலகத்தில் சொல்லி சப்ளையை நிறுத்திய பிறகே கை வையுங்கள்.

குடியாத்தம்:
காட்பாடி அண்ணன் ஒயரைச் சொல்லிவிட்டார். வேலையை இழுத்தடிப்பது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்.

பழைய போர்டில் நியூட்ரலுக்கும் ஒரு ஃபியூஸ் கட்டை வைத்திருப்பார்கள். அதை முதலில் எடுங்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அணைந்துவிட்டதே என்று நம்பிக் கை வைப்பவருக்கு அது உயிராபத்து.

புதுப் பெட்டியில் வரிசை இப்படி: மீட்டரிலிருந்து 32 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அணைப்பது), அடுத்து 40 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, பிறகு ஒவ்வொரு லைனுக்கும் சிங்கிள் போல் எம்சிபி (ஃபேஸை மட்டும் அணைப்பது). ஆர்சிசிபி என்பது ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்த்து, வித்தியாசம் வந்தால் விழும் சுவிட்ச். அது கசிவை மட்டும் பார்க்கும். ஓவர்லோடைப் பார்க்காது, அதனால் முன்னால் எம்சிபி கட்டாயம். ஆர்சிசிபிக்குப் பின்னால் போகிற நியூட்ரல் எல்லாம் அதன் வெளிவாயிலிருந்து வரும் நியூட்ரல் பட்டையில்தான் சேர வேண்டும். ஒன்றே ஒன்று பழைய பட்டையில் தங்கிவிட்டாலும், அந்த லைனில் லோடு போட்டவுடன் விழும்.

மாட்டும் முன் சப்ளை இல்லாத நிலையில் எல்லா நியூட்ரலையும் கழற்றி, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, 500 வோல்ட் மெக்கரில் (ஒயரின் கசிவைப் பார்க்கும் கருவி) எர்த்துக்கு எதிராக ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு மெகா ஓம் கூட இல்லையென்றால் அந்த லைனில் கசிவு இருக்கிறது. நியூட்ரல் கிடைக்காத இடத்தில் எர்த்தையே நியூட்ரலாகக் கட்டியிருப்பது கிணற்று மோட்டாரிலும் பின்கட்டுக் குழல் விளக்கிலும் அடிக்கடி கண்ணில் படும்; அதையும் ஆர்சிசிபி கசிவாகவே பார்க்கும்.

மாடிப்படி விளக்கையும் மறக்க வேண்டாம். ஃபேஸ் கீழ் லைனிலும் நியூட்ரல் மேல் லைனிலும் எடுத்திருந்தால், கீழுக்கும் மேலுக்கும் தனித்தனி ஆர்சிசிபி போட்ட வீட்டில் அந்த ஒரு விளக்கு இரண்டையும் தள்ளிவிடும். இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரல் பட்டை தனியாகவே இருக்கட்டும்.

'சும்மா சும்மா விழுது' என்று ஆர்சிசிபியைத் தாண்டி நேராகக் கட்டச் சொல்லுவார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். அது விழுவதற்குக் காரணம் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

ராணிப்பேட்டை:
வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எம்சிபி 30 டிகிரிக்கு அளவிடப்பட்டது. அக்னி நட்சத்திரத்தில் மேற்குச் சுவரில் மூடிய பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ சூடு. 16 ஆம்பியர் 14-க்கே விழலாம். ஏசி, கீசர் எம்சிபிகளை ஒட்டி அடுக்காமல் நடுவே ஒரு இடம் காலியாக விடுங்கள். மோட்டாருக்கு சி வகை எம்சிபி எடுங்கள். பி வகை தன் அளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு கரண்டிலேயே உடனே விழும், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்குத் தாங்காது.

ஸ்க்ரூ இறுகிவிட்டது, ஆனால் ஒயர் கவ்விக்குப் பின்னால் போய் நிற்கிறது: பெட்டி கருகுவதற்கு இதுவே பெரிய காரணம். ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாருங்கள். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே வாயில் திணிக்க வேண்டாம்.

அணைக்கட்டு:
எர்த் குழியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் பாறை. கோடையில் குழி காய்ந்து எர்த்தின் தடை 20 ஓம் ஆகிவிட்டால், 230 வோல்ட்டில் ஃபேஸ் கிரைண்டர் உடம்பில் பட்டாலும் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது, கிரைண்டர் உடம்பில் கரண்ட் நின்றுவிடும். அதே இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி நொடியில் தள்ளும். பாறைப் பக்கத்துக்காரர்கள் காசு பார்த்து ஆர்சிசிபியை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

குழிக்கு 40 எம்எம் ஜிஐ பைப் இரண்டரை மீட்டர், சுற்றிலும் கரியும் உப்பும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கம் தோண்டினால் ஈரம் தானாக நிற்கும். மற்ற இடமென்றால் மாசி முடிந்ததிலிருந்து வாரம் இரண்டு குடம் ஊற்றுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.