புதுப்பிப்பு: யூகலிப்டஸ் பொந்தில் கூடு வைத்தது எந்தக் காக்கட்டூ?

கான்பராவில் எங்கள் தெருமுனை யூகலிப்டஸ் பொந்துக்கு மஞ்சள் கொண்டைக் காக்கட்டூவும் (கொண்டையுள்ள பெரிய கிளி) கலா (galah) என்ற இளஞ்சிவப்புக் காக்கட்டூவும் மாறி மாறி வருகின்றன, மரம் ஏறாமல் யாருடைய கூடு என்று கண்டுபிடிப்பது எப்படி என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கூடு கலாவுடையது.

"இலை எடுத்துப் போகிறதா பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. மஞ்சள் கொண்டை, பொந்துக்குள் கிடக்கும் மரத்தூளிலேயே முட்டையிடும். கலாதான் பச்சை இலை பரப்பும். ஒரு நாள் காலை, இலைக்கொத்தைக் குறுக்கே கவ்வியபடி ஒன்று பொந்து வாயில் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்து அதை உள்ளே திணித்தது. பைனாக்குலரில் கண் சிவப்பாகத் தெரிந்தது, அதனால் பெண். ஆணுக்குக் கரும்பழுப்புக் கண். அப்புறம் இரண்டும் முறைவைத்து அடைகாத்தன.

எதிர்பாராதது, பொந்தைச் சுற்றிப் பட்டையை உரித்து மரத்தை வழுவழுப்பாக்கிவிட்டன. தேடி வருபவர்களுக்கு இதுவும் நல்ல அடையாளம், தரையிலிருந்தே தெரியும்.

குஞ்சு பொரித்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வெளியே வரும் என்றார்கள், அப்படியே வந்தன. இப்போது அடுத்த மரத்தில் வேறு குஞ்சுகளோடு கூட்டமாக உட்கார்ந்து இரைக்குக் கத்துகின்றன. கூடு இருந்த மரத்தை யாரும் வெட்டாமல் இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய பொந்து உருவாக நூறு வருடத்துக்கு மேல் ஆகும்.