புதுப்பிப்பு: பக்கத்து வீட்டுப் பையனும் பூனைக்குட்டியும்

வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்பது வயதுப் பையன், தாயில்லாத பூனைக்குட்டியோடு எங்கள் வாசலில் வந்து நிற்கிறான், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். குட்டி பிழைத்துவிட்டது.

மாட்டுப்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும் என்று நீங்கள் எச்சரித்தது பெரிய உதவி. கால்நடை மருத்துவர் பூனைக்குட்டிகளுக்கான பால்மாவு தந்தார். மல்லாக்கப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், உடம்பு குளிர்ந்திருந்தால் முதலில் சூடேற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றார். பையன் ஒரே முறை கேட்டு மனதில் வாங்கிக்கொண்டான். பால் குடித்ததும் ஈரப்பஞ்சால் துடைத்துச் சிறுநீர் கழிக்க வைப்பதும் அவன்தான். ராத்திரி முறை மட்டும் என்னுடையது, அவன் தூங்க வேண்டுமே.

குட்டியிடம் ஓயாமல் பேசுகிறான். "சாப்டியா? பயமா இருக்கா?" அவனிடம் வீட்டில் யாருமே கேட்காத கேள்விகள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர், தன் நாய் கூட இருந்தால் பிள்ளைகள் எளிதாகப் பழகுவதைப் பற்றி 1962-ல் எழுதியிருக்கிறார். இங்கே அதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் "பூனை இருக்கே, சரியாகிவிடுவான்" என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. குட்டியால் அவனுக்குச் சோறு போட முடியாது. அதனால் அவன் ஆசிரியையிடம் பேசினேன். அவர் குழந்தைகள் நலப் பணியாளருக்குத் தெரிவித்தார். அந்தப் பணியாளர் இப்போது அவன் வீட்டுக்கு வந்து போகிறார். அப்புறம், அவன் அத்தையும் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்.

குட்டி எங்கள் வீட்டிலேயே இருக்கும். அடுத்தது தடுப்பூசி, அவனையும் கூட்டிப்போகிறேன்.