ஆம்புலன்ஸில் புது ஆளாக ஏறியபோது

வடசென்னையில் ஓர் அறக்கட்டளையின் ஆம்புலன்ஸில் வார இறுதிகளில் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பயிற்சியில் பொம்மையின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திப் பழகியிருப்போம். வண்டியில் ஏறியதும் அதுதான் வேலை என்று நினைப்போம். ஆனால் முதலில் நம்மிடம் வருவது ஆக்சிஜன் சிலிண்டர்தான். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் மீட்டர் 150 பார் (அழுத்தத்தின் அளவு) காட்டினால் உள்ளே சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம் வரும். முள் பாதிக்கு இறங்கியிருந்தால் அதில் பாதிதான். பேசின் பிரிட்ஜ் நெரிசலில் வண்டி நிற்கும்போது இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். சக்‌ஷனில் (வாயில் தேங்கும் சளியை உறிஞ்சும் கருவி) சார்ஜ் இருக்கிறதா, ஆம்பு பேக்குடன் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) குழந்தைகளுக்கான மாஸ்க் இருக்கிறதா என்று அக்கா (எங்கள் டெக்னீஷியன்) கேட்பதற்கு முன்பே பார்த்து வைத்தேன். அதற்கப்புறம்தான் டிரைவர் அண்ணன் டீ குடிக்கப் போகும்போது என்னையும் கூப்பிட ஆரம்பித்தார்.

தூக்கும்போது தலைப்பக்கம் நிற்பவர்தான் எண்ண வேண்டும், மற்றவர்கள் அந்தக் குரலுக்கு மட்டும் கட்டுப்பட வேண்டும். லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு மாடிகளில் படி திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டித்தான் இறக்குவோம்.

என்னைக் கேட்டால், புது ஆள் அதிகம் உதவக்கூடிய இடம் நோயாளியின் வீட்டாருக்குப் பக்கத்தில்தான். டெக்னீஷியனுக்கு இரண்டு கைகளிலும் வேலை இருக்கும். அழுகிறவரை ஆசுவாசப்படுத்தவும், மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா ஊற்ற வருகிறவரைத் தடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பெரியவரிடம் வாதாட வேண்டாம். சாவி கையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும், ஆளை ஒருக்களித்துப் படுக்க வைப்பதுதான் முக்கியம்.

ஒருநாள் காலை புளியந்தோப்பில் ஒரு பாட்டி. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. அக்கா முதலில் சர்க்கரை அளவைப் பார்த்தார். சர்க்கரை ரொம்பக் குறைந்தாலும் பக்கவாதம் போலவே தெரியும். அளவு சரியாக இருந்தது. "எப்போ இப்படி ஆச்சு?" என்று மருமகளிடம் கேட்டேன். "இப்பதாம்ப்பா, ஏழு மணிக்கு எழுப்பப் போனா இப்படிக் கிடந்தாங்க" என்றார். ஆனால் அது அவர் பார்த்த நேரம்தான். பக்கவாதத்தில் மூளை ரத்தக் குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. அதையும் நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் எண்ணுவார்கள். தூக்கத்திலேயே வந்ததென்றால் இரவு படுத்த நேரத்திலிருந்து கணக்கு வைக்க வேண்டும், கெடு தாண்டிப்போயிருக்கும்.

"அதுக்கு முன்னாடி இவங்களோட பேசினது யாரு?" என்று வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்டேன். கதவோரம் நின்றிருந்த பேரன், "டியூஷன் கிளம்பும்போது அஞ்சரைக்கு ஆயாதாண்ணா கதவு தொறந்துச்சு, பத்திரமா போடான்னு சொல்லுச்சு" என்றான். அக்கா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரத்தை அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நோயாளியை ஒப்படைக்கும்போது எப்போதும் அக்காதான் பேசுவார். அன்று டாக்டர் வந்ததும் என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த நேரத்தை நீயே சொல்லு" என்றார். சொன்னேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உடனே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினார்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுவிடுகிறேன். பதற்றத்தில் யாருக்கும் மாத்திரையின் பெயர் வாயில் வராது. டப்பாவை அப்படியே பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை அதில் இருந்தால், ஊசி போடலாமா என்று முடிவு செய்வதற்கு முன்பே டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும்.